காய்ச்சல் விட்ட ராத்திரி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் ஒரே கேள்விதான்: “கவுண்ட் எவ்வளவு?” போன வருஷம் மதினி மகனுக்கு டெங்கு. ஐந்தாம் நாள் ரிப்போர்ட்டில், ரத்தம் உறைய உதவுகிற தட்டணு (பிளேட்லெட்) 42 ஆயிரம். கவுண்ட் ஏறும் என்று அரை மணி நேரத்தில் மூன்று வீட்டிலிருந்து பப்பாளி இலை வந்துவிட்டது. அந்த அன்பை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நாங்கள் எல்லாரும் அந்த ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தோம், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தட்டணு எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது. ஆயுள் 7 முதல் 10 நாள். எவ்வளவு தேவை என்று மஜ்ஜைக்குத் தெரிவிப்பது கல்லீரல் சுரக்கும் திராம்போபாய்டின் என்ற ஹார்மோன். ரத்தத்தில் ஓடும் தட்டணுக்களே அதை உறிஞ்சிக்கொள்ளும். மேல்மடை வயல் குடித்தது போக மிச்சம்தானே கடைமடைக்கு வரும்? அதே கணக்குதான். தட்டணு குறைந்தால் மிச்சம் கூடும், மஜ்ஜை வேகமெடுக்கும். டெங்குவில் இந்தக் கணக்கு குலைகிறது. வைரஸ் மஜ்ஜையையே தாக்குகிறது. அதை எதிர்க்க உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் போன்றவையும் அணு உற்பத்தியை அமுக்குகின்றன. வெள்ளணுவும் சேர்ந்து இறங்குவது அதனால்தான். போதாததற்கு, இருக்கிற தட்டணுவையும் நம் எதிர்ப்புச் சக்தியே அழிக்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரம் போனால் மஜ்ஜை தானாகவே எழுந்துவிடும். பேர் மட்டும் பப்பாளிக்குப் போய்விடும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற சமயத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். ரத்தம் கெட்டியாகும், பிரஷர் விழும். பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, ஏறுவதை வைத்து அதைப் பிடிக்கலாம். எங்கள் பையனுக்குக் காய்ச்சல் விட்டதும் “சரி, தப்பிச்சான்” என்று மதினி அன்றுதான் கண்ணயர்ந்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு “அத்தை, வயிறு வலிக்கு” என்றான். பாதத்தைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. சாயங்காலத்திலிருந்து ஒண்ணுக்கே போகவில்லை. உடனே ஆட்டோ பிடித்தோம். முதலில் காட்டிய இடத்தில் தட்டணு ஏற்ற ஆள் தேடச் சொன்னார்கள், பிசிவியைப் பற்றி ஒரு பேச்சில்லை. அடுத்த இடத்தில்தான் அதைப் பார்த்து, டிரிப்ஸை அளந்து ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றுவதால் பலனில்லை என்று சிங்கப்பூர், மலேசியாவில் நடந்த ஆய்வு 2017-லேயே வெளியாகிவிட்டது. இன்னும் ஏன் தட்டணுவுக்கு ஆள் தேடி அலைய விடுகிறார்கள்?

இப்போது தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் நான் கவுண்ட் கேட்பதில்லை. காய்ச்சல் எப்போது விட்டது, கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனான், இதைத்தான் கேட்கிறேன்.