தம்பி விரலைத் தூக்கினது சரிதான்

போன ஞாயிற்றுக்கிழமை திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் நடந்ததை எழுதாமல் விட மனம் கேட்கவில்லை. எங்கள் கழகப் பொடியன்கள் சிலருக்கு இதைப் படித்ததும் கோபம் வரும். வரட்டும்.

கிண்ணியாப் பக்கமிருந்து வந்த அணியோடு 30 ஓவர் கடினப்பந்து ஆட்டம். கிண்ணமும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. காலையிலேயே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, வாயைத் திறந்தால் புழுதி. அவர்கள் 148 ஓட்டங்கள். நாங்கள் 6 விக்கெட்டுக்கு 121 என்று நல்ல நிலையில் இருந்தோம். அரைச்சதம் தாண்டிய எங்கள் தலைவர் ஆடிக்கொண்டிருந்தார். வெளியே போன ஒரு பந்தை வெட்டப் போனார், பந்து கீப்பரின் கைக்குள். ஸ்கோர் மேசையில் இருந்த எனக்கே மட்டையில் பட்ட சத்தம் கேட்டது. அவர்கள் பதினொரு பேரும் கத்தினார்கள். தலைவர் அசையவில்லை.

நடுவராக நின்றது எங்கள் பொடியன்தான். பதினேழு வயது, பத்தாவதாகத் துடுப்பெடுத்தாட இருந்தவன். ஒரு கணம் தலைவரின் முகத்தைப் பார்த்தான். பிறகு விரலைத் தூக்கினான்.

தலைவர் அவனைக் கடந்து போகும்போது சொன்னதை இங்கே எழுத முடியாது. மரநிழலில் இருந்தவர்கள் "நீ ஆருக்கு விளையாடுறாய்?" என்று கத்தினார்கள். 139க்குச் சுருண்டு 9 ஓட்டங்களால் தோற்றோம். பழி முழுவதும் அவன் தலையில். சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு வரவில்லை. வியாழனும் வரவில்லை.

துடுப்பெடுத்தாடும் அணியே நடுவரை நிறுத்தும் வழக்கம் ஏன் வந்தது என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அந்தக் கரைக்குப் போவோம். மட்டை, கால் பேட், தண்ணீர்க் கான் எல்லாம் எங்கள் மடியில். பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு, இதில் நடுவருக்கு எங்கே போவது? வேறு வழியில்லாமல் வந்த ஏற்பாடு அது. பாலம் வந்து இத்தனை வருடமாகியும் அதை அப்படியே வைத்திருக்கிறோம்.

டெஸ்ட் ஆட்டத்தில்கூட ஒரு நடுவராவது ஆடும் இரண்டு நாட்டையும் சேராதவராக இருக்க வேண்டும் என்ற விதி 1994இல்தான் வந்தது. இருவரும் அப்படி என்றானது 2002இல். சம்பளம் வாங்கி, பயிற்சி எடுத்து நிற்கும் பெரிய மனிதர்களையே சொந்த நாட்டின் ஆட்டத்தில் நிற்க வைக்க உலகம் தயங்கியது. நாமோ ஒரு பள்ளிக்கூடப் பொடியனைச் சொந்த அணியின் முறைப்புக்கு நடுவில் நிறுத்திவிட்டு, அவன் நியாயமாக நின்றால் அடிக்காத குறையாக ஏசுகிறோம்.

எதிரணி கேட்காமல் நடுவர் ஆட்டமிழப்புக் கொடுக்கக் கூடாது என்பது கிரிக்கெட்டின் 31ஆவது விதி. அவர்கள் கேட்டார்கள், இவன் கேட்டதற்குப் பதில் சொன்னான். இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

சொல்லப்போனால், அவனை அந்த நிலைக்குத் தள்ளாமல் தலைவரே தானாக வெளியே நடந்திருக்கலாம். 2003 உலகக் கிண்ண அரையிறுதியில் நம் இலங்கை அணிக்கு எதிராக அவுஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் செய்தது அதைத்தான். அரவிந்தவின் பந்து, சங்கக்காரவின் பிடி. நடுவர் இல்லையென்று தலையாட்டியும் அவர் போய்விட்டார். உலகக் கிண்ணத்திலேயே ஒரு மனிதருக்கு அது முடிந்ததென்றால், நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் முடியாதா?

சரி, தம்பி பிழையாகவே விரலைத் தூக்கியிருந்தாலும் நான் இதையேதான் எழுதுவேன். 1996இல் கிண்ணம் வென்ற நம் அணியில் ஆடிய குமார் தர்மசேன, 2019 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நடுவராக நின்றபோது ஐந்து கொடுக்க வேண்டிய இடத்தில் ஆறு ஓட்டங்கள் கொடுத்தார். அது பிழை என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். அந்த ஆட்டம் நடந்த லண்டன் லோர்ட்ஸ் மைதானத்திலேயே பிழை நடக்கிறது. பிழை விடுவது வேறு, தெரிந்தே கையைக் கீழே வைத்திருப்பது வேறு.

தெரிந்தே வைத்திருந்தவன் நான். இருபது வயது இருக்கும், நடுவராக நின்றேன். என் நண்பனின் காலில் பந்து நேராகப் பட்டது, நடு ஸ்டம்புக்கு முன்னால், ஆட்டமிழப்பேதான். மூதூரிலிருந்து வந்த ஒரு பெரியவர்தான் பந்துவீசினார், நாற்பதைத் தாண்டியவர். கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பந்தை வாங்கிக்கொண்டு பந்துவீச ஓடத் தொடங்கும் இடத்துக்கு நடந்தார். அந்த நடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று நாங்கள் வென்றோம், எத்தனை ஓட்டத்தால் என்பது மறந்துபோயிற்று.

கழகங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஆட்டமில்லாத மூன்றாவது கழகத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். பந்து வாங்கச் சேர்க்கும் காசோடு அவர்களின் பஸ் காசையும் சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நீங்கள் போய் அவர்களுக்கு நில்லுங்கள். அதுவும் முடியாத நாளில் மூத்த ஆட்டக்காரர் நிற்கட்டும், பொடியன்களை அனுப்பாதீர்கள். எங்கள் தலைவர் நல்ல மனிதர், எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர் தம்பியின் வீட்டுக்குப் போக வேண்டும். நேற்று இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். யோசிக்கிறேன் என்றார்.

நேற்றிரவு கிண்ணியா அணித்தலைவர் அடுத்த ஆட்டத்துக்கு நாள் கேட்டு எனக்கு எடுத்தார். பேசி முடிக்கும்போது, "அண்ணன், அந்தத் தம்பியக் கூட்டிக்கொண்டு வாங்க. நாங்க பெட் பண்ணக்குள்ளயும் அவரே நிக்கட்டும், எங்களுக்குச் சம்மதம்" என்றார்.

இதைத் தம்பியிடம் சொல்ல மூன்று தரம் எடுத்தேன், எடுக்கிறானில்லை. நாளை பின்னேரம் வீட்டுக்கே போகிறேன்.