முப்பது வினாடியில் முடியுங்கள்

பொது வானொலியில் உரையாடல் கேட்பவர்களுக்கு இந்த எரிச்சல் தெரிந்திருக்கும். நகரங்களில் வாடகை ஏன் இப்படி ஏறுகிறது என்று பேச ஒரு ஆய்வாளர் வருகிறார். முதல் பத்து நிமிடம் அவர் வாங்கிய பட்டம், எழுதிய புத்தகம். அப்புறம் நேயர் அழைப்பு. அழைத்தவர் வீட்டு ரேடியோவை அணைக்கவில்லை. நேரலை சில வினாடி தாமதமாக ஒலிபரப்பாவதால் அவர் குரலே திரும்பி வந்து அவரைக் குழப்புகிறது. 'ஹலோ, ஹலோ, நான் பேசுறது கேக்குதா?' கேட்கிறது ஐயா, ஊருக்கே கேட்கிறது. கேள்வியைத்தான் காணோம்.

ஒருவழியாக ஆய்வாளர் விஷயத்துக்கு வருவார். 'உண்மையான காரணம் என்னவென்றால்...' என்று அவர் வாயெடுக்கும்போதுதான் தொகுப்பாளர் குறுக்கே விழுவார்: 'முப்பது வினாடிதான் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்.'

மணியடித்ததும் செய்தி வந்தாக வேண்டும், சரி. பிபிசி 1924-லேயே மணி அறிவிக்கும் ஆறு 'பிப்' ஒலிகளைக் கொண்டுவந்துவிட்டது. அதன்மேல் பேசிவிடுவது அங்கே தொகுப்பாளருக்கு மானக்கேடு. நான் கடிகாரத்தைக் குறை சொல்லவில்லை. அது ஆரம்பத்திலிருந்தே ஸ்டுடியோவில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? பட்டங்களை வாசிக்கும்போதே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் என்ன?

கடைசியில், 'இதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேசுவோம்' என்பார். அந்த இன்னொரு நாளில் வேறொருவர் வேறொரு புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்.