அன்றைக்கே ஜோடி சேர்க்காதீர்கள்
கூண்டில் வளர்க்கும் பறவையின் ஜோடி செத்தால் அன்றைக்கே இன்னொன்றை வாங்கிக் கூண்டில் விடச் சொல்கிறது இந்தக் கட்டுரை. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு லவ் பேர்ட்ஸில் ஆண் இறந்தபோது அப்படித்தான் செய்தோம்; பெண் குருவி புதுசின் காலைக் கடித்து ரத்தம் வரவழைத்துவிட்டது, பாவம். அப்புறம் புதுசுக்கு நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க அதை 30 நாள் வேறு அறையில் வைத்து, பிறகு இரண்டு கூண்டையும் பக்கத்தில் வைத்தோம். ஒருநாள் காலையில் கம்பி இடுக்கு வழியாக ஒன்று மற்றதன் தலையைக் கோதிக்கொண்டிருந்தது. அன்றுதான் கதவைத் திறந்தேன். மேலே கருத்து எழுதிய ஒருவர் துணைக்குப் பச்சைக்கிளி விடலாம் என்கிறார். தயவுசெய்து வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்க் கிளியை வளர்ப்பதே குற்றம்.