அந்த இரவு தரியு தூங்கவில்லை

ராஜாவின் கட்டளையை மீறித் தன் தேவனிடம் ஜெபித்ததற்காகச் சிங்கக் கெபியில், அதாவது சிங்கக் குகையில், போடப்பட்டவர் தானியேல். ஓய்வுநாள் பள்ளியில் அவர் கதை என்றால் எல்லாரும் சிங்கத்தைத்தான் வரைவோம். இப்போது தானியேல் புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தால் என் கண் ராஜாவிடமே போய் நிற்கிறது. மேதியனாகிய தரியு. பைபிளுக்கு வெளியே இப்படி ஒரு மேதிய ராஜாவின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடைக்கவில்லை. பெர்சிய ராஜா கோரேசுதான் இவர் என்பாரும் உண்டு, கோரேசின் தளபதி என்பாரும் உண்டு. அந்த வழக்குக்குள் இன்று நான் போகவில்லை.

மேதியர் கி.மு. 612இல் பாபிலோனியரோடு சேர்ந்து நினிவேயை விழத்தட்டினவர்கள். இன்றைய ஈரானின் ஹமதான்தான் அவர்கள் தலைநகர். எஸ்றா புத்தகத்தில் வரும் அக்மேதா. அவர்களுடைய முதல் ராஜா தெயோக்கேஸ் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதை சொல்கிறார். ஊரில் நியாயம் தீர்த்துப் பேர் வாங்கின ஆள். ராஜாவானதும் ஏழு சுற்று மதில் கட்டி உள்ளே போய்விட்டார். யாரும் நேரில் பார்க்கக்கூடாது, மனு எழுத்தில் உள்ளே போகும், தீர்ப்பு எழுத்தில் வெளியே வரும். காரணம்தான் முக்கியம்: கூட வளர்ந்தவர்கள் பார்த்தால் 'நம்மைப் போல ஒருத்தன்தானே' என்று நினைப்பார்கள். பார்க்காவிட்டால், வேறு பிறவி என்று நம்புவார்கள்.

அவர்களுடைய வழிபாடோ எளிமையானது. ஹமதானுக்குத் தெற்கே நூஷ்-இ-ஜான் மேட்டில் தோண்டியபோது, ஒரு கோயிலுக்குள் மண்செங்கல்லால் கட்டிய நெருப்பு மேடை கிடைத்தது. பூசைக்கு உரிய மாகி என்பவர்கள் மேதியரின் ஆறு குலங்களில் ஒன்று. மத்தேயு சொல்லும் 'சாஸ்திரிகள்' என்பதற்குக் கிரேக்கத்தில் இருப்பதும் இந்தச் சொல்லேதான்.

இந்தப் பின்னணியோடு, தரியுவின் அதிகாரிகள் கொண்டுவந்த அந்த முப்பது நாள் கட்டளையை வாசியுங்கள். எந்தத் தேவனிடமும் எந்த மனுஷனிடமும் விண்ணப்பம் கூடாது, ராஜாவிடம் மட்டும். தெயோக்கேஸின் மதிலை வானம்வரை உயர்த்திவிட்டார்கள். முகஸ்துதியில் மயங்கித் தரியு கையெழுத்துப் போட்டார். தானியேலோ ஜெபிப்பதை நிறுத்தவில்லை. அவ்வளவுதான், ராஜாவின் கை கட்டப்பட்டது.

பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தனக்குச் சித்தமானவனைக் கொன்றுபோடுவான், சித்தமானவனை உயிரோடே வைப்பான். மேதியர், பெர்சியர் பிரமாணமோ ராஜாவாலும் மாற்ற முடியாதது. ராஜா சட்டத்துக்குக் கீழ்ப்பட்டிருப்பது நல்லதுதான் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கும் பாதி சம்மதம். ஆனால் இந்தச் சட்டம் ராஜாவை அடக்குவதற்காக வரவில்லை, அவரைத் தேவனாக்க வந்தது. தேவனுடைய இடத்தில் உட்கார்ந்த அந்த மனுஷனால் தான் நேசித்த ஒரே ஒரு கிழவரை, தானியேலை, காப்பாற்ற முடியவில்லை. சூரியன் அஸ்தமிக்கும்வரை முட்டி மோதிப் பார்த்தார். கெபியின் வாயில் வைத்த கல்லுக்கும் தன் மோதிரத்தாலேயே முத்திரை போட்டார்.

அப்புறம் சாப்பாடு இல்லை, கீதவாத்தியம் இல்லை, தூக்கம் இல்லை. கிழக்கு வெளுத்ததும் ராஜா எழுந்து தானே கெபிக்கு ஓடுகிறார். துயரக் குரலில் கூப்பிட்டு, உன் தேவனால் உன்னைத் தப்புவிக்க முடிந்ததா என்று கேட்கிறார். நாடே தன்னிடம் மட்டும் விண்ணப்பிக்க வேண்டிய அந்த முப்பது நாளுக்குள்ளேயே, ராஜா கல்லருகே நின்று இன்னொருவருடைய தேவனைப் பற்றி விசாரிக்கிறார்.