ஒன்லைன் சர்வேயை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு

சர்வே செய்து சம்பாதிக்கலாம் என்று சொல்லும் ஒரு வெப்சைட்டைப் பற்றி யாராவது பேஸ்புக்கில் சந்தேகம் கேட்டால், உடனே நாலு பேர் வந்து "எனக்குக் காசு வந்தது, இந்தா பாருங்க" என்று ஸ்கிரீன்ஷொட் போடுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள். ஒருவருக்குக் காசு வந்ததை வைத்து ஒரு சைட் நேர்மையானது என்று முடிவு கட்ட முடியாது. இப்போது நடக்கிற மோசடிகளில் முதலில் காசு வரத்தான் செய்யும். வராவிட்டால் அடுத்த கட்டத்துக்கு ஒருவரும் போகமாட்டார்களே.

திருகோணமலை (திருமலை) பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொமினிகேஷன் நடத்துகிறேன். போட்டோகொப்பி, ஸ்கேன், ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் என்று நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். கொஞ்சக் காலமாக, அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரு வட்ஸ்அப் நம்பருக்கு அனுப்பித் தரச் சொல்லி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். எதற்கு என்று கேட்டால், "சர்வே கொம்பனிக்கு அக்கா" என்கிறார்கள். கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள், மாரியில் கடலுக்குப் போகமுடியாமல் வருமானம் நின்றுபோன வீட்டுப் பெண்கள், நுண்கடன் தவணைக்கு வழி தேடுகிறவர்கள். இவர்களைப் பேராசைக்காரர் என்று ஏசுகிறவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. வீட்டில் இருந்தபடி கௌரவமாக நாலு காசு தேட நினைப்பதில் என்ன பிழை?

ஏமாற்றுகிற விதம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். டெலிகிராமிலோ வட்ஸ்அப்பிலோ ஒரு செய்தி வரும். ஏதோ ஒரு ஹோட்டலைப் பற்றி இரண்டு மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், உடனே சில நூறு ரூபா என்பார்கள். பதில் சொன்னால் உண்மையாகவே கணக்கில் காசு விழும். மறுநாளும் விழும். பிறகு ‘விஐபி சர்வே’ என்று ஒன்று வரும். அதற்கு முன்பணம் கட்டவேண்டும், லாபத்தோடு திரும்பும் என்பார்கள். சின்னத் தொகை கட்டினால் அதுவும் திரும்பி வரும். பெரிய தொகை கட்டிய பிறகுதான் விளையாட்டு மாறும். திரையில் உங்கள் மீதி ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கைத் திறக்கக் கட்டணம் கட்டு, இன்னும் ஒரு படி முடித்தால்தான் விடலாம் என்று இழுப்பார்கள். இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் எஃப்டிசி என்ற நுகர்வோர் பாதுகாப்பு நிறுவனத்துக்கு இந்த வகை ‘டாஸ்க்’ மோசடி பற்றி 2020இல் முறைப்பாடே கிட்டத்தட்ட இல்லை. 2023இல் 5,000 அளவில் வந்தன. 2024இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 20,000.

இந்தக் கதையில் சர்வே என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் பதிலை ஒருவரும் வாசிக்கவில்லை. அதனால்தான் ஒரு சைட்டைப் பார்த்ததும் ஒரு கேள்வியை முதலில் கேட்கச் சொல்கிறேன்: என் பதிலைக் காசு கொடுத்து வாங்குகிறவர் யார்?

உண்மையான சர்வேயில் இதற்குத் தெளிவான விடை இருக்கும். ஒரு சவர்க்காரக் கொம்பனிக்கோ, வங்கிக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியவேண்டும். அவர்கள் ஆய்வு நிறுவனத்துக்குக் காசு கொடுப்பார்கள். அது பதில் சொல்ல ஒப்புக்கொண்ட ஆட்களை வைத்திருக்கும் நிறுவனத்திடம் போகும். அதில் ஒரு சிறு பங்கு பதில் சொன்னவருக்கு வரும். பிரித்தானியாவில் 2000இல் தொடங்கிய யூகவ் இப்படிப்பட்ட நிறுவனம், லண்டன் பங்குச் சந்தையிலும் இருக்கிறது. 2014இல் ஒக்ஸ்போர்டில் தொடங்கிய ப்ரொலிஃபிக் பல்கலைக்கழக ஆய்வுகளுக்குப் பேர்போனது. இந்தத் துறைக்கு ஈசோமார் என்ற சர்வதேச அமைப்பு 1948இலிருந்தே ஒரு நடத்தை விதிக்கோவை வைத்திருக்கிறது. ஆய்வு என்ற பெயரைச் சொல்லிப் பொருள் விற்கக்கூடாது என்பது அதில் முக்கியமான ஒன்று. சரி, பெரிய பெயர் இல்லாத சைட் எல்லாம் கள்ளமா? அப்படியும் இல்லை. ஆனால் நடத்தும் நிறுவனத்தின் பெயர், பதிவான நாடு, முகவரி, நம் தகவலை என்ன செய்கிறார்கள் என்ற விளக்கம், இவை சைட்டிலேயே இருக்கவேண்டும். நம் ஊரில் சீட்டுக் கட்டுகிறவர்கூட சீட்டுப் பிடிக்கிறவரின் வீடு எங்கே என்று தெரிந்துதான் கட்டுகிறார். டெலிகிராமில் ‘மேடம்’ என்ற பெயரோடு மட்டும் இருப்பவரை எந்த வீட்டுக்குப் போய்க் கேட்பது?

அந்தக் கேள்விக்கு இன்னொரு பாதி இருக்கிறது. வாங்குகிறவருக்குத் திருமலையில் இருக்கும் என் பதில் எதற்கு? இது கசப்பான விசயம், ஆனால் சொல்லத்தான் வேண்டும். சர்வேக்குக் காசு கொடுக்கும் கொம்பனிகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, ஐரோப்பா போன்ற சந்தைகளில் பொருள் விற்பவை. அவர்களுக்கு அங்கே வாங்குகிறவரின் பதில்தான் வேண்டும். அதனால் நேர்மையான சைட்டுகள் பல இலங்கையிலிருந்து பதியவே விடாது. பதிய விட்டாலும் சர்வே அபூர்வமாக வரும், வந்தாலும் கிடைப்பது சில்லறைதான். இங்கே இருந்தபடி தினமும் ஆயிரக்கணக்கில் சர்வேயால் தருகிறோம் என்று ஒரு சைட் சொன்னால், அந்தக் காசு சர்வேயிலிருந்து வரவில்லை. அந்த ஒரு வாக்குறுதியே எனக்குப் போதும், மேலே ஆராயமாட்டேன். நாம் இருக்கும் இடத்தை மறைக்கும் வீபிஎன் செயலியைப் போட்டு லண்டனில் இருப்பதாகக் காட்டச் சொல்லித் தரும் யூடியூப் தம்பிகளையும் நம்பாதீர்கள். பிடிபட்டால் கணக்கை மூடிவிடுவார்கள், சேர்த்த காசும் போய்விடும். விதி மீறியது நாமாக இருப்பதால் முறையிடவும் முடியாது.

பாதியில் "நீங்கள் இந்த சர்வேக்குப் பொருத்தமில்லை" என்று வெளியே அனுப்புவதை மோசடி என்று பலர் நினைக்கிறார்கள். கார் வைத்திருப்பவரின் கருத்தைத் தேடுகிறவருக்குக் கார் இல்லாதவரின் பதில் உதவாது, அவ்வளவுதான். அந்த வடிகட்டும் கேள்விகள் ஆரம்பத்தில் வரவேண்டும். எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கிவிட்டுக் கடைசியில் தள்ளிவிடுவது திரும்பத் திரும்ப நடந்தால், அந்த சைட்டை விட்டுவிடுங்கள்.

அப்புறம் காசு எந்த வழியால் வரும் என்பது. பதிவதற்கு முன்பே சைட்டில் அதைச் சொல்லும் பக்கத்தைத் தேடி வாசியுங்கள். இலங்கையில் பேபால் என்ற ஒன்லைன் பணச் சேவையை வைத்துப் பொருள் வாங்கலாம், ஆனால் காசு பெற முடியாது என்பதுதான் நெடுங்காலமாக இருந்த நிலை. இப்போது எப்படி என்பதை நீங்கள் பதியும் நாளில் பேபாலின் சொந்தப் பக்கத்திலேயே பாருங்கள். பேபால் மட்டும்தான், அல்லது அமெரிக்கக் கடை ஒன்றின் கிஃப்ட் கார்ட் மட்டும்தான் என்றால், சைட் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் நமக்குப் பயனில்லை. பேயோனியர் என்ற இன்னொரு பணச் சேவை வழியாக இங்கே பெறலாம், ஆனால் அதன் கட்டணங்களையும் கணக்கில் எடுங்கள். ஆகக் குறைந்தது எவ்வளவு சேர்ந்தால் எடுக்கலாம் என்பதையும் பாருங்கள். நீங்கள் கிட்டப் போகப் போக அந்தத் தொகை உயர்ந்தால் அது கெட்ட அறிகுறி.

சைட்டின் வயதை, இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) என்ற சர்வதேச அமைப்பின் தேடல் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம். போன மாதம் பதிந்த முகவரி ‘பத்து வருட அனுபவம்’ என்று சொன்னால் உங்களுக்கே விளங்கும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருப்பதால் சைட் நல்லது என்று ஆகாது, கள்ள சைட்டும் அதைப் போட்டுக்கொள்ளலாம். கூகுளில் புகழ்ந்து எழுதுபவர்களில் பலருக்குத் தங்கள் லிங்க்கால் நாம் பதிந்தால் கமிஷன் உண்டு.

நான் மிகவும் பயப்படுவது அடையாள அட்டைக்கும் வங்கிக் கணக்குக்கும்தான். சர்வேக்கு உங்கள் வயது, மாவட்டம், வீட்டில் எத்தனை பேர் என்பது தேவைப்படலாம். சில நல்ல சைட்டுகள் ஆளை உறுதிப்படுத்த அடையாள அட்டையும் கேட்கும், ஆனால் தங்கள் சைட்டுக்குள்ளேயே கேட்கும். வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாது. ஓடிபி ஒருபோதும் தேவைப்படாது. ஏடிஎம் கார்டைக் கொடுங்கள், உங்கள் கணக்குக்கு வரும் காசை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், பங்கு தருகிறோம் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அது பெரும்பாலும் ஏமாந்த இன்னொருவரின் காசு. இப்படிக் கள்ளக் காசைக் கைமாற்றுவதற்கு எதிராக 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் இருக்கிறது. பொலிஸ் தேடி வரும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர்தான், டெலிகிராம் மேடத்தின் பெயர் இல்லை. இப்படி ஒரு பிள்ளையின் படிப்பும் வேலை வாய்ப்பும் கெடுவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் அந்த ஸ்கேனைச் செய்து கொடுக்க மறுக்கிறேன். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.

ஆள் சேர்த்தால்தான் அடுத்த படி, சேர்ந்தவரின் கட்டுப்பணத்தில் உங்களுக்குப் பங்கு என்றால் அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடை செய்கிறது. ஆள் சேர்ப்பதும் குற்றம். மத்திய வங்கி தடைசெய்த திட்டங்களின் பெயர்களை வெளியிடுகிறது, பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நல்லது என்று எடுக்கவேண்டாம். குடும்ப வட்ஸ்அப் குழுவில் லிங்க் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். உங்களை நம்பித்தான் சித்தியும் மச்சாளும் பதிகிறார்கள்.

ஏற்கனவே காசு கட்டியிருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பாதகம். பொலிஸில் முறையிடுங்கள். இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) 101க்கு அழைத்து வழி கேளுங்கள். வங்கி சரியாகக் கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. உரையாடல்களையும் காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகளையும் வெட்கத்தில் அழித்துவிடாதீர்கள். இழந்த காசை மீட்டுத் தருகிறோம், முதலில் சிறு கட்டணம் கட்டுங்கள் என்று சில நாளில் யாராவது தொடர்புகொள்வார்கள். அவர்களுக்கு ஒரு ரூபாவும் கொடுக்கவேண்டாம்.