20% பிடித்துவிட்டால் வரி முடிந்துவிடாது

அமெரிக்காவில் 401(கே) எனும், வேலையிடம் வழியான ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கின் பணத்தை முன்கூட்டியே எடுத்தால் வரிக்காக 20% பிடித்துக்கொள்வார்கள், அதோடு கணக்கு முடிந்தது, அதில் கடன் வாங்கினாலும் அதே கதைதான் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அந்த 20% வெறும் முன்பிடித்தம். வழக்கமான (வரி கட்டாத பணத்தைச் சேர்க்கும்) 401(கே)யில் எடுத்த முழுத் தொகையும் அந்த ஆண்டு வருமானத்தில் சேரும். 59½ வயதுக்கு முன் என்றால், விலக்கு எதுவும் பொருந்தாதபோது, கூடுதலாக 10% வரி. 22% வரி அடுக்கில் இருப்பவர் அப்படி 10,000 டாலர் எடுத்தால் கூட்டாட்சி வரி மட்டும் 3,200 டாலர், பிடித்ததோ 2,000. மிச்சம் 1,200ஐ ஏப்ரலில் வரிக்கணக்கு தாக்கல் செய்யப் பார்க்கும்போதுதான் தூக்கிவாரிப்போடும்.

கடன் வேறு. தவணை ஒழுங்காகப் போகும்வரை அது வருமானமே இல்லை, ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து எடுத்த பணத்தை வரித்துறைக்குக் காட்டும் 1099-ஆர் படிவமும் வராது. தவணை தவறி, திட்டம் தரும் அவகாசமும் கடந்தால்தான், கடன் இனி எடுத்த பணமாகக் கருதப்படும் என்று சொல்லும் ‘எல்’ குறியீட்டோடு படிவம் வரும். அப்புறம் வரி கட்டியாக வேண்டும். அதற்காகக் கடன் தீர்ந்துவிட்டதாகவும் ஆகாது.