பாட்டை வைத்துக்கொண்டு ஏட்டைக் கிணற்றில் போட்டோம்

கி.பி. 922 மார்ச்சில் பாக்தாதில் சூஃபி ஞானி மன்சூர் ஹல்லாஜைக் கொன்றார்கள். ‘அனல் ஹக்’, அதாவது ‘நானே உண்மை’ என்று சொன்னார், அதற்காகக் கொன்றார்கள் என்பது நம்மில் பலருக்கும் தெரிந்த கதை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஊரிலிருந்த வர்ராக்குகளை, அதாவது தாள் விற்று நூல்களைப் படியெடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்களை, அதிகாரிகள் வரவழைத்தார்கள். ஹல்லாஜின் எழுத்தை விற்கவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம் என்று அவர்களிடம் சத்தியம் வாங்கினார்கள். அதற்கு முன்பே அவருடைய சீடர்களின் வீடுகளில் சோதனை நடந்தது. சீனத் தாளில், சிலவற்றைப் பொன் மையால் எழுதி, பட்டு வைத்துத் தைத்து, நல்ல தோலில் கட்டிய ஏடுகள் அங்கே கிடைத்தன என்று அந்தக் கால வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆளைக் கொன்ற பிறகும் அரசுக்குப் பயம் தீரவில்லை. புத்தகக் கடைவரைக்கும் அந்தப் பயம் வந்திருக்கிறது.

சூஃபி என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பாட்டு, ஆட்டம், சாம்பிராணிப் புகை, தர்கா வாசல். அப்புறம் கைப்பேசியில் தினமும் வரும் பாரசீகக் கவிஞர் ரூமியின் இரண்டு வரி. பாரசீகம் தெரியாத ஒருவர் ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி எழுதியதை இன்னொருவர் தமிழாக்கி, மூன்றாமவர் பூப்படம் போட்டு அனுப்பிய வரி. அதை ரசிப்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் இந்த ஞானம் காற்றில் மிதந்து வந்ததுபோல நாம் பேசுவது எனக்கு வலிக்கிறது. அது தாளில் வந்தது. படியெடுத்தவரின் விரல் வலியிலும், ஒப்பிட்டுத் திருத்தியவரின் கண் எரிச்சலிலும் வந்தது. அந்த உழைப்பைத் தெரிந்துகொள்ளாமல் ஞானத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து.

ஹல்லாஜையே பாருங்கள். அவர் இறந்து அறுபத்தைந்து வருடம் கழித்து, 987-ல், அதே பாக்தாதில் இப்னு நதீம் என்ற புத்தக வியாபாரி அரபியில் உள்ள நூல்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் தொகுக்கிறார். அவருக்கு ஹல்லாஜைப் பிடிக்காது. தந்திரக்காரர் என்றே எழுதுகிறார். ஆனாலும் அவருடைய நூல்கள் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகளை வரிசையாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். பிடிக்காதவரின் நூல்களையும் விடாமல் குறித்துவைத்த அந்த நேர்மையால்தான் எவ்வளவு தொலைந்தது என்றாவது நமக்குத் தெரிகிறது. மிஞ்சியதில் ஒன்றான ‘தவாஸீன்’ நூலை 1913-ல் பிரெஞ்சு ஆய்வாளர் லூயி மாசிஞோன் பதிப்பித்தார். ஹல்லாஜ் இறந்த ஆயிரமாவது வருடமான 1922-ல் அவரைப் பற்றிய தன் பெரிய ஆய்வை வெளியிட்டார். அந்தச் சத்தியம் தோற்றுப்போக ஆயிரம் வருடம் ஆகியிருக்கிறது.

நான் இன்று சொல்ல வந்தது சமாஃ என்ற சொல்லைப் பற்றி. சமாஃ என்றதும் துருக்கியின் கோனியாவில் வெள்ளை அங்கி சுழலும் காட்சியோ கவ்வாலிப் பாட்டோ கண்முன் வரும். அரபியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் ‘கேட்டல்’. நூல்களின் உலகத்தில் அதே சொல்லுக்கு வேறு ஒரு வாழ்க்கை இருந்தது. ஒரு நூலை அதன் ஆசிரியர் முன்னிலையில், அல்லது அவர் வழியாக அனுமதி பெற்றவர் முன்னிலையில், ஒருவர் உரக்க வாசிப்பார். சுற்றிலும் உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் அந்த ஏட்டிலேயே, ஓரத்திலோ கடைசிப் பக்கத்திலோ, வாசித்தவர் யார், கேட்டவர்கள் யார் யார், எந்த ஊர், எந்த இடம், என்ன தேதி என்று எழுதிவைப்பார்கள். தாமதமாக வந்தவர் எந்தப் பகுதியைத் தவறவிட்டார் என்பதுகூட இருக்கும். பிள்ளைகள் வந்திருந்தால் சில குறிப்புகளில் வயதும் இருக்கும். இந்தக் குறிப்புக்கும் சமாஃ என்றே பெயர்.

நம் அரங்கேற்றத்துக்கு இது கொஞ்சம் நெருக்கமானது. ஆனால் அரங்கேற்றங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்களின் பெயரை நம்மில் யார் எழுதிவைத்தார்கள்?

டமாஸ்கஸில் 1155 முதல் 1349 வரையிலான இத்தகைய குறிப்புகளைத் தொகுத்து 1996-ல் ஒரு பெரிய அகராதியாகவே வெளியிட்டார்கள். அதன் பிறகு ஆய்வின் திசையே மாறியது என்று சொல்லலாம். அதுவரை நூலை எழுதியவர்களைப் பற்றித்தான் பேச்சு. இப்போது கேட்டவர்களைப் பற்றிப் பேச முடிகிறது. கொன்ராட் ஹிர்ஷ்லர் என்ற ஆய்வாளர் அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டே போய், டமாஸ்கஸின் வரலாற்று நூல் வாசிக்கப்பட்ட கூட்டங்களில் ஆலிம்களோடு, அதாவது மார்க்க அறிஞர்களோடு, கைவினைஞர்களும் வியாபாரிகளும் உட்கார்ந்திருந்ததைக் காட்டினார். 1503-ல் இறந்த இப்னு அப்துல் ஹாதி என்ற டமாஸ்கஸ் அறிஞரைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தன் வீட்டிலேயே நூல்களை வாசித்து, கேட்ட மனைவியர், பிள்ளைகள், அடிமைப் பெண்கள் எல்லாருடைய பெயரையும் ஏடுகளில் எழுதிவைத்தார். வரலாற்றில் வேறெங்கும் ஒரு வரிகூட இல்லாத பெண்கள் ஒரு நூலின் ஓரத்தில் இருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

இனி இப்னு அரபியிடம் வருகிறேன். ஸ்பெயினில் முர்சியாவில் 1165-ல் பிறந்து 1240-ல் டமாஸ்கஸில் இறந்தவர். ஞானக் கடல் என்று எல்லாரும் புகழ்கிறார்கள், சிலர் திட்டுகிறார்கள், இரண்டு தரப்பிலும் படித்தவர்கள் குறைவு. அவருடைய ‘ஃபுதூஹாத் அல்-மக்கிய்யா’ 560 அத்தியாயங்கள் கொண்டது. மக்காவில் 1202-ல் தொடங்கினார். முழுவதையும் எழுதி முடித்த பிறகு, வயதான காலத்தில் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து தன் கையாலேயே எழுதினார். அந்த இரண்டாவது படி 1238-ல் முடிந்தது. 37 தொகுதிகள். சாவதற்கு இரண்டு வருடம் முன்பு! அந்தத் தொகுதிகளிலும் சமாஃ குறிப்புகள் உண்டு. ஆசிரியர் முன் வாசிக்கப்பட்டதும் கேட்டவர்களின் பெயர்களும் அவற்றில் இருக்கின்றன. அவருக்குப் பிறகு அவை அவருடைய மாணவர் ஸத்ருத்தீன் கூனவியிடம் சேர்ந்தன. கூனவி தன் நூல்களைக் கோனியாவில் வக்ஃபு செய்தார், அதாவது அறக்கொடையாக எழுதிவைத்தார். இன்று இஸ்தான்புல்லில் துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் அந்த 37 தொகுதிகளும் இருக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அமீர் அப்துல் காதிர். அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போராடியவர். 1843-ல் அவருடைய கூடார நகரத்தைப் பிரெஞ்சுப் படை பிடித்தபோது, பல காலம் சேர்த்த நூலகமும் போயிற்று. பிறகு சிறை, நாடு கடத்தல், கடைசியில் டமாஸ்கஸ். அங்கே இருந்துகொண்டு அவர் செய்த வேலைகளில் ஒன்று, இரண்டு ஆலிம்களைத் தன் செலவில் கோனியாவுக்கு அனுப்பியது. எதற்கு? அச்சில் வந்திருந்த ஃபுதூஹாத்தை இப்னு அரபியின் கையெழுத்துப் படியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்த. 1911-ல் கெய்ரோவில் வந்த அச்சுப்பதிப்புக்கு அந்த ஒப்பீடுதான் அடிப்படை. நாட்டையும் நூலகத்தையும் பறிகொடுத்த ஒருவர், இன்னொருவருடைய நூலில் பிழை இருக்கக்கூடாது என்று பணம் செலவழிக்கிறார். ஆன்மிகம் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

ரூமிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. மஸ்னவி என்ற நெடும்பாட்டை அவர் சொல்லச் சொல்ல அவருடைய சீடர் ஹுஸாமுத்தீன் எழுதினார். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினார். ஆறு பாகம், ஏறக்குறைய 25,000 ஈரடிகள். ரூமி இறந்தது 1273-ல். ஐந்தே வருடத்தில், 1278-ல், படியெடுத்து முடித்த ஏடு ஒன்று இன்னும் கோனியாவில் இருக்கிறது. ஆங்கிலேய அறிஞர் நிக்கல்சன் தன் மஸ்னவிப் பதிப்பைத் தொடங்கியபோது அந்த ஏடு அவர் கைக்கு எட்டவில்லை. முதல் இரண்டு பாகம் அச்சான பிறகுதான் கிடைத்தது. அதற்காக அவர் சலித்துக்கொண்டு விட்டுவிடவில்லை. மூன்றாம் பாகத்தின் நடுவிலிருந்து அதைப் பின்பற்றினார், முந்தைய பாகங்களுக்கான பாடவேறுபாடுகளையும் தனியாகக் கொடுத்தார். உ.வே.சா. செய்த வேலையை அறிந்த நமக்கு இந்த மனசு புரியாமல் இருக்காது.

சரி, இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் கடலோர ஊர். என் உம்மம்மாவுக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, தமிழ் எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் அரபுத்தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அரபு எழுத்தில் புள்ளிகள் கூட்டி நம் ழகரத்தையும் ஙகரத்தையும் எழுதுவார்களே, அதுதான். நபி பிறந்த மௌலிது மாதத்தில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தெருப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடுவார்கள். உம்மம்மா கிதாபை ரெஹால் பலகையில் விரித்து, நபியைப் போற்றும் ரசூல் மாலையை வாசிப்பார். காயல்பட்டினத்து சாமு சிகாபுத்தீன் அப்பா பாடியது. சில பேருக்கு முழுக்க மனப்பாடம். ஆனாலும் கிதாபைத் திறக்காமல் ஓதமாட்டார்கள். நான் கதவோரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். டமாஸ்கஸின் சமாஃ குறிப்புகளைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. வாசிக்க ஒருவர், கேட்கப் பதினைந்து பெண்கள், நடுவில் அழும் பிள்ளை. பெயர்களை எழுதத்தான் யாரும் இல்லை.

உம்மம்மா மௌத்தான பிறகு வீட்டை இடித்துக் கட்டினோம். மச்சில் ஒரு மரப்பெட்டி நிறையக் கிதாபுகள் இருந்தன. பாதி செல்லரித்திருந்தது. காலில் மிதிபடக் கூடாது, குப்பையில் சேரக் கூடாது என்று பெரியவர்கள் முடிவெடுத்து, துணியில் கட்டி, பாழடைந்த ஒரு கிணற்றில் பிஸ்மில்லா சொல்லிப் போட்டார்கள். மூட்டையில் ஒரு முனையைப் பிடித்தது நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மரியாதையாகத்தான் செய்தோம். அதுதான் இன்றுவரை அறுக்கிறது.

மரியாதைக்கு வேறு வழியும் இருந்திருக்கிறது. ஏமனில் ஸன்ஆ பெரிய பள்ளிவாசலில் நைந்துபோன குர்ஆன் தாள்களைக் கூரைக்கும் உள்தளத்துக்கும் இடையில் வைத்திருந்தார்கள். 1972-ல் பழுதுபார்க்கும்போது வெளிப்பட்டன. அவற்றில் 7-ஆம் நூற்றாண்டுத் தோலேடு ஒன்றும் இருந்தது. முதலில் எழுதியதை அழித்து அதன்மேலேயே மறுபடி எழுதியது. குர்ஆன் எழுத்து வரலாற்றைப் படிப்பவர்கள் இன்று அதைத் தொடாமல் பேச முடியாது. அவர்களும் மிதிபடக் கூடாது என்றுதான் மேலே வைத்தார்கள்.

1992 மே மாதம் சரயேவோவில் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தைக் குண்டு வீசி எரித்தபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அரபு, பாரசீக, துருக்கியச் சுவடிகள் போயின. அதைப் பற்றிப் படித்துக் கொதித்தேன். எங்கள் தெருவில் எந்தக் குண்டும் விழவில்லை.

நம் ஊர்களில் இன்று இரண்டு தரப்பு இருக்கிறது. இந்த நூல்கள் எல்லாம் வழிகேடு, வீட்டில் இருப்பதே தவறு என்பது ஒன்று. பச்சைத் துணி சுற்றி, பூப்போட்டு, யாரையும் திறக்கவிடாமல் வைத்திருப்பது இன்னொன்று. இருவரோடும் நான் பேசியிருக்கிறேன். கொள்கையில் எதிரும் புதிருமாக நிற்பவர்கள், ஏடு வாசிக்கப்படாமல் போவதில் மட்டும் ஒன்றாக இருக்கிறார்கள். உங்கள் கொள்கை எதுவானாலும் இருக்கட்டும். ஹல்லாஜைப் பிடிக்காத இப்னு நதீம் தலைப்புகளையாவது எழுதிவைத்தார், அந்த அளவுக்காவது நாம் செய்யலாமே.

மறுபதிப்புப் போடுகிறவர்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். பழைய கல்லச்சு அரபுத்தமிழ் நூலைத் தமிழ் எழுத்துக்கு மாற்றும்போது பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் பக்கத்தில் யார் செலவில் பம்பாயிலோ கொழும்பிலோ அச்சானது, யார் பிழை பார்த்தார் என்றிருப்பதும், கடைசிப் பக்கத்து ஹிஜ்ரி வருடமும், ஓரத்து உரைவிளக்கமும் காணாமல் போகின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமும் (1816–1898) ஸதக்கத்துல்லாஹ் அப்பாவும் இவ்வளவு எழுதினார்கள் என்று பெருமை பேசுகிறோம். அவற்றை எந்த ஊரில் யார் வாசித்தார்கள், எந்தக் கப்பலில் எந்தக் கரைக்குப் போயின என்பதற்குச் சாட்சி அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. ஆயிரமசலா என்ற கேள்வி-பதில் நூல் 1572-லேயே தமிழில் வந்துவிட்டது. அதே கதை மலாயிலும் ஜாவா மொழியிலும் இருக்கிறது. இந்தக் கடல்வழித் தொடர்பை வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஏடு ஏடாகப் புரட்டித்தான் எழுதினார்கள். நம் வீட்டு மச்சில் கிடந்ததை நாம் புரட்டவில்லை.

அன்று கிணற்றுக்குப் போகாமல் தப்பியது ஒரே ஒரு கிதாபு. உம்மா அதைத் தன் பெட்டியில் வைத்திருந்தார். அட்டை இல்லை, முதல் நான்கு தாள் இல்லை. கடைசித் தாளின் வெற்றிடத்தில் அரபுத்தமிழில் ஒன்பது வரி இருக்கிறது. அதைப் படிக்கவே இரண்டு வருடம் அந்த எழுத்தைக் கற்றேன். மூன்று பிள்ளைகள் பிறந்த நாள், ஒரு பிள்ளை மௌத்தான நாள், கொழும்புக்குக் கப்பல் ஏறிய நாள், இரவல் வாங்கிப்போன ஒரு பெண் திருப்பித் தந்த நாள். யார் கையெழுத்து என்று யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் வீட்டில், உங்கள் சொந்தக்காரர் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். புத்தகத்தைக் கேட்கமாட்டேன், வெளியே எடுத்துப் போகவும் மாட்டேன். உங்கள் முன்னாலேயே ஒவ்வொரு பக்கத்தையும், முக்கியமாக ஓரங்களையும் கடைசித் தாளையும், படம் எடுத்துவிட்டு வைத்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன். செல்லரித்திருந்தாலும் பரவாயில்லை. கிணற்றில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.